எட்டு வரியும் ஏழு நாற்காலியும்

அடுப்பண்ணனின் இரண்டாவது போன் இருபத்து மூன்று நாட்களாக அடிக்கவில்லை. போன் அடிக்காமல் கிடந்தால் பலர் அதைக் கொடுப்பினை என்பார்கள். அடுப்பண்ணனோ மணிக்கொரு தரம் அதை எடுத்து, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தார்.

அவர் கேஸ் அடுப்பு பழுது பார்ப்பவர். தெருமுனையில் சின்னக் கடை, சுவர் முழுக்கப் பழைய பர்னர்கள். தெருவே அவரை அடுப்பண்ணன் என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள், அண்ணன் என்ற உறவு அங்கே பொருந்தாது என்பதைப் பற்றிக் கவலைப்படாமல்.

இரண்டாவது போனுக்கு ஒரு கதை உண்டு. ஆறு வருடங்களுக்கு முன்னால் அடுத்த தெருத் தையல்காரம்மாவின் அடுப்பைச் சரிசெய்து கொடுத்தார். "டீ குடிச்சுட்டுப் போங்கண்ணே, ரெண்டு நிமிஷம்தான்" என்றாள் அந்த அம்மா. வேலை இருக்கிறது என்று இவர் கிளம்பிவிட்டார். பத்து நாள் கழித்து, வெளியே போய்விட்டுத் திரும்பிய தையல்காரம்மாவுக்கு வீட்டுக்குள் கேஸ் வாசனை அடித்தது. எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காக லைட்டைப் போட்டாள். அவ்வளவுதான். அடுப்பில் குற்றமில்லை, திருகு சரியாக மூடப்படவில்லை என்று தீயணைப்புக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அடுப்பண்ணனைக் குற்றமற்றவர் என்று எல்லாரும் சொன்னார்கள், அவரைத் தவிர. உட்கார்ந்து டீ குடித்திருந்தால் பேச்சுவாக்கில் சொல்லியிருப்போமே, ஸ்விட்சில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று. அந்த இரண்டு நிமிடம் அவரை இன்றுவரை விடவில்லை.

அந்த அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகளை உட்காரவைத்து, இணையத்தில் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். கேஸ் கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எட்டு வரி. ஸ்விட்சைத் தொடாதே, போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம். தீக்குச்சி கிழிக்காதே. ரெகுலேட்டரை மூடு. கதவு ஜன்னலைத் திற. ஃபேனைப் போடாதே. வீட்டில் இருக்கிற எல்லாரையும் வெளியே கூட்டிப் போ. வெளியே போன பிறகு போன் பண்ணு. பால் பொங்கினால் பொங்கட்டும், திரும்பி உள்ளே போகாதே. கீழே ஒரு போன் எண், அதற்கென்றே வாங்கிய இரண்டாவது போனுடையது. படமில்லை, அலங்காரமில்லை.

அந்தப் பக்கம் பிழைத்துக்கொண்டது, மனிதர்களையும் பிழைக்கவைத்தது. "கேஸ் வாசனை" என்று யார் எங்கே தேடினாலும் முதலில் அதுதான் வரும். மாதம் எட்டுப் பத்து பேர் கூப்பிடுவார்கள். தெருவில் நின்றுகொண்டு, மூச்சு வாங்க, "அண்ணே, வெளிய வந்துட்டோம், இனிமே என்ன பண்றது?" என்பார்கள். ஒவ்வொரு போனுக்குப் பிறகும் அடுப்பண்ணன் ஒரு டீ குடிப்பார்.

இப்போது இருபத்து மூன்று நாட்களாக டீ இல்லை. ஜனங்களின் அடுப்புகள் எல்லாம் ஒரே நாளில் திருந்திவிட்டனவா? அல்லது கசிந்துகொண்டிருக்கும்போது அவர்கள் வேறெதையோ படித்துக்கொண்டிருக்கிறார்களா?

"தேடிப் பாரேன்" என்றார் மகளிடம்.

மகள் தேடினாள். முதலில் திரை முழுக்க ஒரு ஏரி வந்தது. ஏரியில் ஒரு வாத்து. முப்பது விநாடி அந்த வாத்து இடமிருந்து வலமாகப் போனது. பிறகு ஒரு பெட்டி கேட்டது: "நீங்கள் உண்மையிலேயே இதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?" ஆமாம் என்று தட்டியதும், நறுமணங்களைப் பற்றி மூன்று பக்கங்களும், சமையலறையை நேசிப்பது எப்படி என்று ஒரு பக்கமும் வந்தன. எல்லாவற்றின் பக்கத்திலும் நீல முத்திரை. மகள் தள்ளிக்கொண்டே போனாள். நாற்பத்தோராவது பக்கத்தில், எழுத்தே தெரியாத சாம்பல் நிறத்தில் அப்பாவின் எட்டு வரி கிடந்தது. அதன் மேல் எழுதியிருந்தது: "நாடி 118. பாதுகாப்பற்றது. தேடல் நல வாரியம்."

"பாதுகாப்பற்றதா?" என்றார் அடுப்பண்ணன். "இதுவா?"

"யாரோ ஏதோ கண்டுபிடிச்சிருக்காங்கப்பா" என்றாள் மகள்.

மறுநாள் அடுப்பண்ணன் வாரியத்துக்குப் போனார். நாலு மாடிக் கட்டடம், சுவரெல்லாம் இளநீலம். வாசலில் இருந்த பெண் என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்கவில்லை. அவர் விரலில் நாடி பார்க்கும் கவ்வி ஒன்றை மாட்டினாள். சின்னத் திரையில் 91 என்று வந்தது.

"எழுபத்தாறுக்குக் கீழ வந்ததும் உள்ள விடுவோம் சார். பெஞ்சுல உட்காருங்க."

பெஞ்சில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நீச்சல் சொல்லிக்கொடுக்கும் டீச்சராம். தண்ணீரில் முங்குகிறவர்களை எப்படிக் கரைசேர்ப்பது என்று ஒரு பக்கம் வைத்திருந்தாளாம். ஒன்பது வாரமாக வந்துகொண்டிருந்தாள்.

"வந்த காரியத்த நினைக்காதீங்கண்ணே. நினைச்சா ஏறிடும்" என்றாள் கண்ணை மூடியபடியே. "நான் என் பழைய செருப்ப நினைச்சுக்குவேன். சீக்கிரம் இறங்கும்."

"உங்க பக்கம் திரும்ப வந்துடுச்சா?"

"வந்துடுச்சே. 'நீரும் நாமும்'னு பேர் வச்சிருக்காங்க. முங்குறது பத்தி எதுவும் இல்ல. குளத்து ஓரமா உட்கார்றது பத்தி இருக்கு. அதுல ஒரு வரியாவது திருப்பித் தாங்கன்னு கேக்கத்தான் வர்றேன்." அவள் கவ்வியில் 83 ஏறியது. "பாத்தீங்களா, பேச வச்சு ஏத்திட்டீங்க."

அடுப்பண்ணன் செருப்பை நினைத்துப் பார்த்தார். செருப்பு தையல்காரம்மா வீட்டு வாசலுக்குப் போய் நின்றது. நாடி 97. பிறகு ஒரு பர்னரை நினைத்துக்கொண்டு, அதன் ஓட்டைகளை ஒவ்வொன்றாக ஊசியால் குத்தி, துடைத்து, மறுபடி குத்தினார். மதியம் மூன்று மணிக்கு 75 வந்தது. அது மனம் மாறுவதற்குள் ஓடிப்போய் உள்ளே நுழைந்தார்.

உள்ளே ஒரு கூடம். ஏழு சாய்வு நாற்காலிகள். ஏழிலும் ஏழு பரிசோதகர்கள், விரலில் கவ்வியோடு. எதிரே பெரிய திரை. நடுவில் தலைமைப் பரிசோதகர் நின்றிருந்தார். பேசும்போது கையைக்கூட வேகமாக அசைக்காத மனிதர்.

"உங்க பக்கத்த இவங்க முன்னாடி மறுபடி ஓட்டிப் பாக்கறோம். நீங்களே பாருங்க. எங்க வேலையில ஒளிவுமறைவு கிடையாது."

எட்டு வரியும் திரையில் வந்தது. முதல் நாற்காலி 96. இரண்டாவது 104. மூன்றாவது நாற்காலிக்காரர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார், 58. தலைமைப் பரிசோதகர் அவரைப் பெருமையாகப் பார்த்தார். "எங்களோட மூத்த பரிசோதகர். பதினோரு வருஷத்துல ஒருமுறைகூட அறுபதைத் தாண்டினதில்ல. எவ்வளவு மோசமான பக்கமா இருந்தாலும் சரி."

ஆறாவது நாற்காலியில் இருந்தவர் ஐந்தாவது வரிக்கு வரும்போது சட்டென்று எழுந்தார். கவ்வியைக் கழற்றிப் போட்டுவிட்டு மூலைக்குப் போய் வீட்டுக்குப் போன் செய்தார். "ஏய், கிளம்பும்போது அடுப்ப மூடினியா? போய்ப் பாரு. இல்ல, முதல்ல போய்ப் பாரு" என்று அவர் கிசுகிசுப்பது கூடம் முழுக்கக் கேட்டது.

அடுப்பண்ணனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பாத்தீங்களா சார், வேலை செய்யுது!"

தலைமைப் பரிசோதகரின் முகத்தில் ஈயாடவில்லை. "இதைத்தான் நான் சொல்ல வந்தேன்" என்றார் மெதுவாக. "ஒரு மனுஷன் நிம்மதியா உட்கார்ந்து ஒரு தேடல் முடிவப் படிக்கிறான். படிச்சுட்டு எழுந்து போய் ஏதோ செய்யறான். இது பாதுகாப்பா? முன்னெல்லாம் ஜனங்க தேடுவாங்க, பதறுவாங்க, ஓடுவாங்க. நாங்க நாடி முத்திரை கொண்டுவந்த பிறகு தேடுறாங்க, படிக்கிறாங்க, அப்படியே உட்கார்ந்திருக்காங்க. இந்தக் காலாண்டுல எழுந்திருச்சவங்க எண்ணிக்கை எழுபது சதவீதம் குறைஞ்சிருக்கு. உலகத்துல எந்த வாரியமும் இத சாதிச்சதில்ல."

"சார், கேஸ் கசியறப்ப உட்கார்ந்திருந்தா செத்துப்போவாங்களே?"

"அது வாழ்க்கை. வாழ்க்கைக்கு வேற துறை இருக்கு. எங்க பொறுப்பு படிச்சு முடிக்கிற வரைக்கும்தான். அதுவரைக்கும் அவர் உயிரோடதான் இருக்கார், அமைதியாவும் இருக்கார். அதுக்கு நான் உத்தரவாதம்."

அடுப்பண்ணன் பேந்தப் பேந்த விழித்தார். வாசலில் கழற்றிய கவ்வியை யாரோ அவர் விரலில் மறுபடி மாட்டினார்கள். 122. உடனே அவரை வெளியே கொண்டுபோய்ப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை போனார். ஆறாவது நாற்காலிக்காரரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். புதிதாக வந்தவர் முதல் நாள் கண்ணாடி கொண்டுவர மறந்துவிட்டார், நாடி 64. மறுவாரமே அவரை நிரந்தரமாக்கினார்கள். இனி கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம் என்று உத்தரவும் வந்தது.

ஒவ்வொரு வாரமும் ஒரு வரி திருத்தம். "தொடாதே" என்ற சொல் மட்டும் பதினாலு துடிப்பு ஏற்றுகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டினார்கள். வாரியத்தில் தணிப்பான் என்று ஒரு கருவி இருந்தது. அதில் ஒரு வரியைப் போட்டால் இன்னொரு வரி வரும். "ஸ்விட்சைத் தொடாதே" என்று போட்டார்கள். "ஸ்விட்சுகளுக்கும் சற்று ஓய்வு தரலாமே" என்று வந்தது. "எல்லாரையும் வெளியே கூட்டிப் போ" என்று போட்டதற்கு, "குடும்பத்துடன் வெளியே செல்வது மகிழ்ச்சி தரும்" என்று வந்தது. தீக்குச்சி வரியைப் போட்டபோது கருவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வெற்றுத் தாளைத் தள்ளியது. வெற்றுத் தாளைப் பார்த்து ஏழு நாற்காலிகளும் எழுபதுக்குக் கீழே இறங்கின. தலைமைப் பரிசோதகர் அந்தத் தாளை வாங்கி, கண்ணாடிச் சட்டம் போடச் சொன்னார்.

வீட்டில் மனைவி சோற்றைத் தட்டில் வைத்தபடி கேட்டாள். "எத்தனை வரி மிச்சம்?"

"மூணு."

"அப்போ எட்டுல மூணு பங்கு உயிர் தப்புமா? தலைய மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளயே நிப்பாங்களா?"

"மேல வரணும்ல. நாற்பத்தோராம் பக்கத்துல எட்டு வரி இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? எவனாவது அவ்வளவு தூரம் தள்ளிக்கிட்டு வருவானா, மூக்குல கேஸ் வாசனைய வச்சுக்கிட்டு?"

மனைவி கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்து போனாள். அது ஒப்புதல் அல்ல என்பது அவருக்குத் தெரியும்.

மகள்தான் வழி சொன்னாள். "அப்பா, எல்லா வரியையும் விட்டுக்கொடுத்துடு. போன் நம்பர மட்டும் விடாத. பக்கம் மேல வரட்டும். ஏதாவது தோணுச்சுன்னா கூப்பிடுவாங்கல்ல? அப்போ வாயால சொல்லிடு."

அடுப்பண்ணனுக்கு அது நியாயமாகப் பட்டது. மறுவாரம் போய் மிச்சமிருந்த மூன்று வரிகளையும் எழுதிக் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போடும்போது தையல்காரம்மாவின் முகம் வந்து போனது. நம்பரைக் காப்பாற்றிவிட்டோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். தேறவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

முத்திரை வழங்கும் விழாவில் அவருக்கு இளநீலத் துண்டு போர்த்தினார்கள். தலைமைப் பரிசோதகர் பேசினார்.

"நம்ம அடுப்புக்காரர் ஒரு முன்னுதாரணம். எட்டு வரியோட வந்தார், ஒரு வரிகூட இல்லாம போறார். இவ்வளவு பயனுள்ள பக்கத்த நான் பார்த்ததில்ல. படிக்க நாலு விநாடி போதும். மேல ஏரி, நடுவுல 'சமையலறை, அமைதியின் இல்லம்'னு ஒரு தலைப்பு, கீழ தொடர்பு கொள்ள ஒரு பொத்தான்."

"பொத்தானா? நம்பர் சார், நம்பர்" என்றார் அடுப்பண்ணன் துண்டைப் பிடித்துக்கொண்டு.

"நம்பர்னா ஜனங்க கண்டபடி கூப்பிடுவாங்க. அதனால எங்க புதுக் கண்டுபிடிப்பு, அமைதி இணைப்பு. பொத்தான அழுத்தினா உங்களுக்குத்தான் போகும். யார் கூப்பிடறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. எந்த ஊர்ன்னும் தெரியாது. அவங்களுக்குப் பாதுகாப்பு. இன்னொரு வசதியும் இருக்கு. நீங்க குரல உயர்த்தினா அது அவங்களுக்குப் போய்ச் சேராது. இடையிலயே பிடிச்சு வச்சுக்கும். நீங்க தணிஞ்ச பிறகு மறுபடி திறந்துவிடும்."

கூட்டம் கைதட்டியது. அதையும் அளவோடு தட்டியது.

அன்று சாயங்காலத்திலிருந்து அடுப்பண்ணன் பயிற்சி எடுத்தார். மகள் ஒரு கவ்வி வாங்கி வந்து மாட்டிவிட்டாள். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, தொட்டிலை ஆட்டுகிற குரலில், "அம்மா, ஸ்விட்ச்ல கை வைக்காதீங்க, மெதுவா வெளிய வாங்க, பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று இழுத்து இழுத்துச் சொன்னார். பத்தாம் தடவை 80. முப்பதாம் தடவை 74.

"இந்தக் குரல்ல நீங்க என்கிட்டே ஒருநாள்கூடப் பேசினதில்ல" என்றாள் மனைவி. சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. "கேட்டா எனக்குத் தூக்கம்தான் வருது."

ஆறாம் நாள் காலை பதினொரு மணி. கடையில் ஒரு பழைய பர்னரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது இரண்டாவது போன் அடித்தது. எண்ணுக்குப் பதிலாக ஏரிப் படம். அடுப்பண்ணன் கையைத் துடைக்காமல் எடுத்தார். முதலில் தண்ணீர் சலசலக்கும் ஓசை கேட்டது. அது முடிகிறவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"வணக்கங்க" என்றது ஒரு பெண் குரல். நிதானமான குரல். நடுவயது இருக்கும். "உங்க பக்கத்தப் பார்த்தேன். ரொம்ப நல்லா இருக்கு. முதல்ல கொஞ்சம் பயந்துட்டேன், படிச்சதும் மனசு லேசாயிடுச்சு."

"சொல்லுங்கம்மா" என்றார் தொட்டில் குரலில்.

"ஒண்ணுமில்ல, காலையிலேர்ந்து வீட்டுல ஒரு வாசனை. பக்கத்து வீட்டுல ஏதாவது இருக்கும்னு விட்டுட்டேன். இப்போ கொஞ்சம் தலை சுத்துற மாதிரி இருக்கு. அப்பதான் தேடினேன்."

"அம்மா, இப்போ எங்க இருக்கீங்க?"

"சமையல்கட்டுலதான். எங்க வீட்டுல இங்க ஜன்னல் கிடையாது, ஒரே இருட்டு. சிலிண்டர் பக்கம் ஏதோ உஸ்ஸுன்னு கேக்குற மாதிரி இருக்கு. இருங்க, லைட்டப் போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

முப்பது தடவை சொல்லிப் பழகிய வாக்கியம் அடுப்பண்ணனுக்கு நினைவில்லை. "போடாத! போடாத! வெளிய வா! வெளிய வாம்மா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். எதிர்க்கடைக்காரர் கையில் இருந்ததைக் கீழே போட்டார்.

போனில் ஒரு மெல்லிய குரல் சொன்னது. "உங்கள் குரல் அளவை மீறியதால் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கவும். நான்கு வரை எண்ணவும்."

அடுப்பண்ணன் மூச்சை இழுத்தார். ஒன்று, இரண்டு. மூன்றைத் தாண்டி நான்கையும் எண்ணினார், வேறு வழியில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதற்குக் கருவி ஆட்சேபிக்கவில்லை.

"அம்மா" என்றார். அவர் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக யாரிடமும் பேசியதில்லை. "ஸ்விட்ச்ல கை வைக்காதீங்கம்மா. அப்படியே வெளிய வாங்க."

எதிர்முனையில் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்விட்ச் சத்தமும் இல்லை, காலடிச் சத்தமும் இல்லை, வேறெந்தச் சத்தமும் இல்லை. அளவை மீறிய எந்தச் சத்தமாக இருந்தாலும் அது இந்தப் பக்கம் வராது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அம்மா? அம்மா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஏரிப் படம் அணைந்தது.

திரும்பக் கூப்பிட எண் இல்லை. ஓடிப்போய்க் கதவைத் தட்ட ஊர் தெரியாது. சாவியை எடுத்துப் பைக்கைக் கிளப்பினார், தெரு முனை வரை போனார், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அங்கேயே நின்றார். வாரியத்துக்குப் போன் செய்தார். நாடி எழுபத்தாறுக்குக் கீழே வந்ததும் எண் ஒன்றை அழுத்தவும் என்றது ஒரு பதிவுக் குரல். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். "தெரியாது, ஜன்னல் இல்லாத சமையல்கட்டு" என்றார். பாவம், அவர்கள் பொறுமையாகத்தான் பேசினார்கள்.

சேதி கேட்டு மனைவி கடைக்கு ஓடி வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். "தப்பிச்சிருப்பாங்க" என்றாள் அவள். "நீங்க கடைசியா சொன்னது கேட்டிருக்கும்." அவள் குரலில் அவளுக்கே நம்பிக்கை இல்லை.

போன் ஒரு முறை அதிர்ந்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அதன் மேல் பாய்ந்தார்கள். வாரியத்திலிருந்து செய்தி.

"உங்கள் முதல் அமைதி இணைப்பு நிறைவுற்றது. உரையாடலை மதிப்பிடுமாறு அழைத்தவரிடம் மூன்று முறை கேட்கப்பட்டது. அவரிடமிருந்து பதில் இல்லை. பதில் தராதவர்கள் முழு அமைதி அடைந்தவர்களாகக் கருதப்படுவர். உங்கள் மதிப்பெண்: ஐந்துக்கு ஐந்து."